மறு: ‘கலிடோனியர்’ என்பதற்கு ‘ஸ்காட்லாந்தியர்’ போதுமா?

ஐயா, குழும நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் அகராதியில் ‘Caledonian’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன தமிழ் இடுவது என்ற கேள்விக்கு வந்த யோசனை இது:

> கவிதையில் வரும் பழைய பெயர்தானே, ‘ஸ்காட்லாந்தியர்’ என்றே போட்டுவிடலாம். இல்லையென்றால் ‘வன்புலத்தார்’ என்று ஆக்கலாம்.

முதல் யோசனையை என்னால் ஏற்க முடியவில்லை, ஐயா. கி.பி. 98 வாக்கில் ரோமானியரான டாசிட்டஸ் தம் மாமனாரும் பிரித்தானியாவின் ரோமானிய ஆளுநருமான அக்ரிகோலாவின் வரலாற்றை எழுதினார். பிரித்தானியாவின் வடபகுதியைக் கலிடோனியா என்கிறார். ரோமப் படையை எதிர்த்து நின்ற தலைவன் கால்ககஸ் என்கிறார். ஸ்காட் என்ற பெயர் அந்த மண்ணுக்கு அப்போது வந்திருக்கவேயில்லை. பிற்கால ரோமானியர் ‘ஸ்காட்டி’ என்றது அயர்லாந்திலிருந்து கடல் கடந்து வந்து தாக்கியவர்களை. அவர்கள் பெயர் நாட்டுக்கே ஆகிவரப் பல நூற்றாண்டுகள் பிடித்தன. கால்ககஸை ‘ஸ்காட்லாந்தியர் தலைவன்’ என்று மொழிபெயர்த்தால், சங்கப் பாட்டின் யவனரை ‘இத்தாலியர்’ என்று எழுதிய கதையாகிவிடும்.

கவிதைக்கு வந்தால் பொருள் மாறுகிறது. 18ஆம் நூற்றாண்டுப் புலவர்கள் தம் காலத்து ஸ்காட்லாந்து மக்களையே கலிடோனியர் என்று பாடினார்கள். 1787இல் எடின்பரோவில் ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸை வாழ்த்தியவர்கள் ‘கலிடோனியாவின் பாணர்’ என்றே வாழ்த்தினார்கள். சோழனைச் செம்பியன் என்றும் பாண்டியனை வழுதி என்றும் நாம் பாடுவதில்லையா, அது போலத்தான். ‘செம்பியன்’ வரும் அடியில் ‘சோழன்’ என்று போட்டால் ஆள் மாறமாட்டான்; ஆனால் பாட்டின் மிடுக்குப் போய்விடும்.

‘வன்புலத்தார்’ படித்ததும் மனம் துள்ளியது. வேல்ஸ் மொழியில் ‘கலெத்’ என்றால் கடினம். அந்த வேரோடு இப்பெயரை அறிஞர் பலர் இணைக்கிறார்கள். குறிஞ்சியும் முல்லையும் நமக்கு வன்புலம், அதாவது கடின நிலம். அந்த மலைநாட்டுக்கு அது எவ்வளவு பொருத்தம்! ஆனாலும் கலைச்சொல்லாக நிற்காது. ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக் 1774இல் பசிபிக் தீவு ஒன்றுக்கு இட்ட நியூ கலிடோனியா என்ற பெயரை என்ன செய்வது? நிலவியலில் வரும் கலிடோனிய மலையாக்கம் (பழங்கால மலைகள் உருவான நிகழ்வு) நார்வே மலைகளையும் சேர்த்துக்கொள்ளும் சொல். நாற்பது கோடி ஆண்டுக்கு முந்தைய சங்கதி. அங்கே ‘-த்தார்’ என்ற மக்கட்பெயர் இடறும். போதாக்குறைக்கு, ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயர் பக்கம் டன்கெல்ட் என்ற ஊரும் ஷீஹாலியன் என்ற மலையும் இருக்கின்றன. அந்நாட்டின் கேலிக் மொழியில் முன்னது ‘கலிடோனியர் கோட்டை’, பின்னது ‘கலிடோனியரின் தேவதைக் குன்று’. ஊர்மக்கள் வாயில் இத்தனை காலம் தங்கிய பெயரை நாம் மொழிபெயர்த்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும்.

எழுத்துக்கூட்டல் பற்றி ஒரு சொல். ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றிக் ‘கேலிடோனியர்’ என்று எழுதாதீர்கள். எடுத்த எடுப்பில் ‘கேலி’ என்று ஒரு மக்கள் பெயர் தொடங்குவது அவர்களுக்கு மரியாதையில்லை. ‘கலி’ என்றால் கலியுகம் நினைவுக்கு வருகிறதே என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். கலித்தொகையும் அதே ‘கலி’யில்தானே தொடங்குகிறது! துள்ளல், ஆரவாரம், வலிமை எல்லாம் அச்சொல்லுக்கு உண்டு. லத்தீன் ஒலிக்கும் இதுவே நெருக்கம்.

ஆகவே தலைச்சொல் ‘கலிடோனியர்’ என்றே இருக்கட்டும். முதலில் பண்டைய வடபிரித்தானிய மக்கள் என்ற பொருளும், அடுத்து ‘செய்யுள் வழக்கு’ என்ற குறிப்போடு ஸ்காட்லாந்தியர் என்ற பொருளும் வரட்டும். ‘கலிடோனிய’ என்ற பெயரடைக்குத் தனிப் பதிவு போட்டு, மலையாக்கத்தையும் ஸ்காட்லாந்தில் 1822இல் திறந்த கலிடோனியக் கால்வாயையும் அதன்கீழ் கொண்டுவரலாம். ‘வன்புலத்தார்’ சொற்பிறப்புக் குறிப்பில் இடம்பெற வேண்டும், ஐயா. அதை விட்டுவிட எனக்கு மனமில்லை.