தொட்டி அத்தியைக் குளிர்காலத்துல உள்ள வச்சுக் காப்பாத்துன நம்ம கரைக்காரங்க அனுபவம் சொல்லுங்க

கீழக்கரை உம்மா:

மூணு வருசமாச்சு, அந்தத் தொட்டி இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது. மகள் பிரசவத்துக்காக டொரன்டோ போயிருந்தேன். ஜனவரி மாசம். கராஜ் மூலையில மருமகனோட சீமை அத்தி, ஒத்த இலை இல்லாம வெறும் குச்சியா நிக்குது. மண்ணு காஞ்சு, தொட்டி ஓரத்துல விரல் நுழையுற அளவுக்கு விலகிக் கெடக்கு. நம்ம ஊர்ல இலையில்லாம நின்னா பட்ட மரம்தானே. அல்லாஹ் சத்தியம் பண்ணிச் சொன்ன மரம் இப்படிக் கெடக்கேன்னு மனசு கேக்கல. அவரு வேலைக்குப் போனதும் தொட்டியை இழுத்துட்டு வந்து அடுப்படி ஹீட்டர் பக்கத்துல வச்சேன். தினம் ஒரு செம்பு வெதுவெதுப்பான தண்ணி.

பிப்ரவரியில துளிர் விட்டுருச்சு. வெளிறின பச்சையில, மெலிசா, நீளமா. ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னேன். மருமகன் பாத்தாரு. என் சந்தோசத்தைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. மார்ச்சுல துளிரு தொங்கிருச்சு. தாகம்னு நினைச்சு ரெண்டு செம்பாக்கினேன். ஒருநாள் அவரு தண்டைப் பிடிச்சு லேசா அசைச்சாரு, அப்படியே கையோட வந்துருச்சு. வேரெல்லாம் கறுத்து, தோல் கழண்டு, நூல் நூலா. தென்னமட்டை ஊறப்போட்ட தண்ணி நாத்தம். பக்கத்து வீட்டு இத்தாலிக்காரப் பெரியவரு தன் மரத்துல வெட்டிக் குடுத்த குச்சி, ஆறு வருசம் வளர்த்தது. "மாமி, கையைக் கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது"ன்னாரு. அவ்வளவுதான். இன்னைக்கு வரைக்கும் அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திட்டியிருந்தா மறந்திருப்பேன்.

மண்டபம் முகாம்:

அம்மா, படிச்சிட்டு ஒரு மாதிரி ஆயிருச்சு. எனக்கு இங்க குளிர் ஏது, தென்மேற்கேருந்து அடிக்கிற கச்சான் காத்துதான் எமன். பெயின்ட் வாளியில புனே அத்தி வச்சேன், அதுவும் சீமை அத்தியில ஒரு வகைதான். ஆனி மாசக் காத்து ரெண்டே வாரத்துல இலை ஓரத்தையெல்லாம் பொசுக்கிருச்சு. போர் தண்ணியும் உப்பு, ஊத்த ஊத்த மண்ணு மேல வெள்ளையாப் பூக்கும். குடிக்க வாங்குற குடத்துல ஒண்ணு இப்ப அதுக்குத்தான்.

சொல்ல வந்தது வேற. 2024 நவம்பர் 20, ராமேஸ்வரத்துல ஒரே நாள்ல 40 செ.மீ.க்கு மேல கொட்டுச்சே, அன்னைக்கு. எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. வாளியைத் தூக்கிக் கட்டில் மேல வச்சேன். கரண்ட் இல்ல. கட்டில்ல ஒரு பக்கம் எங்க ஆத்தா, மறுபக்கம் அத்தி. வாளி சாய்ஞ்சிரக் கூடாதுன்னு விடிய விடிய ஒரு கையால தண்டைப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சு ஆத்தா. வெயில் வந்தப்புறமும் எட்டு நாளைக்கு வெளிய எடுக்க விடல.

தொண்டி டு ஜெர்மனி:

உம்மா, தப்பு தண்ணியில மட்டும் இல்ல, ஹீட்டர்லதான் ஆரம்பிச்சது. நான் ஏப்ரல்ல நல்ல வெயிலைப் பாத்துட்டுத் தொட்டியை வெளிய வச்சேன், அன்னைக்கு ராத்திரியே உறைபனி. காலையில பாத்தா துளிரெல்லாம் வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்குது. என் கதை அவ்வளவுதான்.

ஆனா இதை எல்லாரும் தெரிஞ்சுக்கணும். சீமை அத்தி குளிர்ல தூங்குற மரம். இலை தானா கொட்டணும், அதுவரைக்கும் உள்ள கொண்டு போகாதீங்க. தரையில வேர் விட்ட மரத்துக்கு மண்ணே போர்வை. தொட்டியில வேர் சீக்கிரம் உறைஞ்சிரும், அதனாலதான் உள்ள வைக்கிறது. உள்ளன்னா வீட்டுக்குள்ள இல்ல, சூடு போடாத கராஜ். 0 டிகிரியிலருந்து 7 டிகிரிக்குள்ள இருந்தா நிம்மதியாத் தூங்கும். தூங்குற மரத்துக்கு வெளிச்சமும் வேணாம். தண்ணி மூணு நாலு வாரத்துக்கு ஒரு டம்ளர், வேர் முழுசாக் காஞ்சிராம இருந்தாப் போதும். இலை இல்லாதப்ப மரம் தண்ணி குடிக்காது, ஊத்துறதெல்லாம் அடியில நின்னு வேரை அழுகடிக்கும். உயிர் இருக்கான்னு பாக்கணும்னா நகத்தால பட்டையைக் கீறுங்க. பச்சையா இருந்தா இருக்கு. நுனி காஞ்சிருந்தா பச்சை தெரியுற இடம் வரைக்கும் வெட்டிவிடுங்க, முக்கியமான காய்ப்பு புதுக் கிளையிலதான் வரும். வெளிய எடுக்குறப்ப முதல்ல நிழல், பத்து நாள் கழிச்சு வெயில். டொரன்டோன்னா மே பாதி தாண்டட்டும். மண்டபம் அண்ணே, உங்க மரத்தையும் வருசத்துக்கு ஒரு தடவை தண்ணியை நிறுத்தித் தூங்க வைங்க.

ராமேஸ்வரம் மாடித்தோட்டம்:

தம்பி, அந்தம்மா யோசனை கேக்கல. மனசுல கெடந்ததை இறக்கி வச்சாங்க. முதல்ல அதைக் காதுல வாங்குங்க.

அப்புறம், தண்ணியை நிறுத்தச் சொல்ற வேலையை நம்ம கரையில யாரும் செஞ்சிராதீங்க. இங்க கார்த்திகையில இலை கொட்டுனா அது தூக்கம் இல்ல, பெரும்பாலும் துரு நோய். இலையைத் திருப்பிப் பாருங்க, மஞ்சளும் காவியுமாப் பொடி ஒட்டும். நானும் தூங்குதுன்னு நம்பித்தான் கொட்டுன இலையைத் தொட்டியிலயே உரமாக் கெடக்கட்டும்னு விட்டேன். அடுத்த மழைக்குப் பக்கத்துத் தொட்டிக்கும் ஏறிருச்சு. கொட்டுன இலையைப் பொறுக்கி எரிச்சிரணும்.

என்னை இன்னும் உறுத்துறது வேற ஒண்ணு. சித்திரை உச்சி வெயில்ல, கையுறை இல்லாம கிளை வெட்டுனேன். கூட நின்ன மகன் வெட்டுன கிளையை வாங்கி வாங்கி அடுக்குனான். பால் அவன் முழங்கை வரைக்கும் வழிஞ்சிருந்திருக்கு. மறுநாள் பூரா எரியுதுன்னான், அதுக்கடுத்த நாள் கொப்புளம். அத்திப் பால் பட்ட தோல்ல வெயில் பட்டா அப்படித்தான் ஆகும்னு டாக்டர் சொன்ன பிறகுதான் தெரியும். பால் வழிஞ்ச தடம் அப்படியே கோடு போட்ட மாதிரி கறுத்துப்போய், போக மாசக்கணக்காச்சு. இப்பவும் அவன் அரைக்கைச் சட்டை போட்டா என் கண்ணு அந்த இடத்துக்குத்தான் போகுது.

தேவிபட்டினம்:

நாட்டு அத்தி வச்சிருக்கவங்க இதைப் படிச்சுக் குழம்ப வேணாம், அது வேற மரம். அதுக்குக் காய்க்குள்ள குளவி போகணும். புனே அத்திக்குக் குளவி தேவையில்ல, தானாப் பழுக்கும். புனே பக்கத்துப் புரந்தர் ஊர் அத்திக்குப் புவிசார் குறியீடே இருக்கு. நர்சரியில ஒண்ணைச் சொல்லி ஒண்ணைக் குடுத்து என்னை நாலு வருசம் காக்க வச்சாங்க.

கீழக்கரை உம்மா:

ராமேஸ்வரம் தங்கச்சி, தம்பியை வைய வேணாம். நகத்தால கீறிப் பாக்கணும்னு எனக்கு அன்னைக்கு யாராச்சும் சொல்லியிருந்தா செம்பைத் தூக்கியிருக்கவே மாட்டேன்.

டிசம்பர்ல மறுபடி போறேன். அந்த இத்தாலிக்காரப் பெரியவர் இருக்காரு, அவர் மரமும் இருக்கு. ஒரு குச்சி கேக்கலாம்னு இருக்கேன், மருமகனுக்குத் தெரியாம. அந்தக் குளிர்ல வெட்டுனா வருமா தம்பி?

தொண்டி டு ஜெர்மனி:

வரும் உம்மா. இலை கொட்டின பிறகு வெட்டுறதுதான் நல்லா வேர் பிடிக்கும். பென்சில் கனத்துல ஒரு சாண், மூணு நாலு கணு இருக்கட்டும். பால் நின்னதும் ஈரத்தாள்ல சுத்தி, பிளாஸ்டிக் பையில போட்டு ஃபிரிட்ஜ் அடித்தட்டுல வைங்க. தாள் ஈரமா இருந்தாப் போதும், சொட்டக் கூடாது. மார்ச்சு பிறந்ததும் எனக்கு எழுதுங்க, நடுறதைச் சொல்றேன். பெரியவர்கிட்ட மூணு குச்சியாக் கேளுங்க.