பொருள்: டீயும் இல்ல, கஷாயமும் இல்ல, அப்ப இன்ஃபியூஷனுக்கு என்ன சொல்லு?

எல்லாருக்கும் வணக்கம். களியக்காவிளையில இருந்து எழுதுதேன். நம்ம சமையல் கலைச்சொல் பட்டியல்ல டிகாக்‌ஷன், இன்ஃபியூஷன் (மொதல்ல உள்ளது கொதிக்க வச்சு வத்த விடுதது, அடுத்தது சுடுதண்ணி ஊத்தி மூடி வைக்கது) ரெண்டுக்கும் நேரா "கஷாயம்"ன்னே போட்டிருக்கோம். அத மாத்தணும். ஏன்னு சொல்லுதேன், கொஞ்சம் நீளமா போகும்.

மூணாறுல இருக்குத எங்க சித்தி போன லீவுக்கு வந்தப்ப பெப்பர்மின்ட் கொடி ரெண்டு துண்டு கவர்ல சுத்தி கொண்டு வந்தா. கிணத்தடி நிழல்ல ஒரு தொட்டியில ஊணி வச்சேன், நல்லா படந்துட்டு. இலைய பறிச்சு அம்மைகிட்ட குடுத்து "இதுல டீ போடு"ன்னேன். டீன்னு சொன்னா அம்மை என்ன செய்வா, தண்ணியில போட்டு கொதிக்க விட்டா, சாயம் எறங்குதான்னு பாத்துட்டே நின்னா, எறங்கல, இது தேயில இல்லல்லா, வெளிறின பச்சமஞ்சளுக்கு மேல நெறமே வராது, இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும்னு பத்து நிமிஷம் விட்டுட்டா. அடுக்களை முழுக்க மணக்கு, தம்ளர்ல கீரை வேவிச்ச தண்ணி.

மறுநாள் "டீ இல்ல, கஷாயம்னு வச்சுக்கோ"ன்னேன். நாலு தம்ளர் தண்ணிய ஒரு தம்ளரா வத்த வச்சு, கூட ரெண்டு நல்லமிளகும் தட்டிப் போட்டு கொண்டு வந்தா. அவ மேல குத்தம் இல்ல. ரெண்டு நாளும் நான் சொன்ன சொல்லுக்கு என்ன செய்யணுமோ அத சரியா செஞ்சிருக்கா.

மூணாம் நாள் நானே போட்டேன். ஒரு கைப்பிடி இலைய லேசா கசக்கி சொம்புல போட்டு, கொதிச்ச தண்ணி ஒரு தம்ளர் ஊத்தி, உடனே தட்டு போட்டு மூடி ஏழு நிமிஷம். தட்ட தூக்கினா அடியில தண்ணி முத்து முத்தா நிக்கு. வெரல்ல தொட்டு நக்கிப் பாத்தேன், நாக்கு குளுந்துட்டு. அந்தக் குளுமைய குடுக்குத மெந்தால் ஆவியோட ஏறிப் போற சாதனம், மூடலன்னா அம்புட்டும் மோட்டுக்குத்தான். அந்தச் சொட்டையும் தட்டி சொம்புலயே விட்டுட்டு வடிகட்டினேன். அப்பாவுக்கு மட்டும் குடுக்கல, அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு, இது இரைப்பை வாய தளத்தி விடும், எரிச்சல் கூடும்.

இந்த வேலைக்கு, அதாவது கொதிக்க விடாம சுடுதண்ணி ஊத்தி மூடி வைக்கதுக்கு, ஒரு சொல்லு குடுங்க.

- களியக்காவிளை

---

அண்ணாச்சி, "மூலிகைத் தேநீர்"னு ஊரே சொல்லிட்டு இருக்கே, அதுக்கு என்ன குறை? புதினாத் தேநீர்னு போட்டா முடிஞ்சிச்சு.

- தக்கலை

---

> புதினாத் தேநீர்னு போட்டா முடிஞ்சிச்சு

தம்பி, முடியாது. "தே"ங்கதே சீனாவுல ஃபூஜியன் பக்கத்து பேச்சுல அந்தத் தேயிலைக்கு உள்ள பேரு. கமீலியா சைனென்சிஸ், அதாவது தேயிலைச் செடி, இல்லாத தண்ணிக்கு தேநீர்னு பேரு வச்சா பால் ஊத்தாத பால்பாயசம் மாதிரி. அதுவும் போக புதினா வேற, இது வேற. கடையில கட்டு கட்டா விக்குத புதினா ஸ்பியர்மின்ட், அதுல மணம் குடுக்கது கார்வோன், மெந்தால் பேருக்குத்தான் இருக்கும். அண்ணாச்சி வச்சிருக்கது அந்த புதினாவும் வாட்டர்மின்ட்டும் கலந்த கலப்புச்செடி, விதை பிடிக்காது, அதான் சித்தி கொடியா கொண்டு வந்திருக்கா. தாவரவியல்காரர் லின்னேயஸ் 1753-ல வச்ச பேருலயே "பிப்பெரிட்டா", மிளகு காரம் உள்ளதுன்னு இருக்கு. மிளகுப்புதினான்னு போடுங்க. புதினாங்கது பாரசீகச் சொல்லு, ஆனா பெப்பர்ங்கதுக்கு வேர் பிப்பலி, நம்ம திப்பிலி, அது ஊரெல்லாம் சுத்திட்டு திரும்பி வந்திருக்கு, பரவாயில்ல.

இன்ஃபியூஷனுக்கு ஆயுர்வேதத்துல தனிப்பேரே உண்டு. கொதிக்க வச்சு வத்தவிட்டா க்வாதம், சுடுதண்ணி ஊத்தி வடிச்சா ஃபாண்டம், பச்சத்தண்ணியில ராத்திரி முழுக்க போட்டு வச்சா ஹிமம். இங்க வைத்தியசாலையில இத தெளிவா பிரிச்சுத்தான் சொல்லுவாங்க.

- புனலூர்

---

அக்கா, ஃபாண்டம்னா எங்க ஊர் கடைக்காரர் ஃபான்டா பாட்டில எடுத்து குடுப்பார். தமிழ்ல எழுதினா பாண்டம், சட்டிப்பானை.

"குடிநீர்" எப்படி? நிலவேம்புக் குடிநீர், கபசுரக் குடிநீர்னு சித்தத்துல இருக்கதுதானே.

- தக்கலை

---

குடிநீர் ஆகாது. அது வத்த வைக்கது, நாலுல ஒண்ணு எட்டுல ஒண்ணுன்னு. களியக்காவிளைக்காரர் அம்மா ரெண்டாம் நாள் செஞ்சது அதுதான். சென்னையில குடிநீர்னா லாரி வரும், அது வேற.

நான் சொல்றது "ஊறல்". புதினா ஊறல். நல்ல பழைய சொல்.

- சென்னை

---

ஐயா, நீங்க தினத்தாள் பாக்கதே இல்லியா? "மலையடிவாரத்தில் 500 லிட்டர் சாராய ஊறல் அழிப்பு"ன்னு வாரம் ஒண்ணு வரும். கேரள எல்லை புளியரை செக்போஸ்ட்ல டப்பா மேல புதினா ஊறல்னு எழுதி கொண்டு போனா என்னைய எறக்கி விட்டு மோந்து பாப்பாங்க.

எங்க ஆச்சி சுக்குவெள்ளம், சீரகவெள்ளம்னுதான் சொல்லுவா. புதினாவெள்ளம்னு வைங்களேன்.

- செங்கோட்டை

---

வெள்ளமா? சென்னைக்காரன் கிட்ட அந்தச் சொல்ல சொல்லாதீங்க, 2015 இன்னும் மறக்கல.

சரி ஊறல் வேண்டாம். "ஊறுநீர்"? ஊறுகாய் மாதிரி வினைத்தொகை, மூணு காலத்துக்கும் பொருந்தும், ஒற்று மிகாது.

- சென்னை

---

வெள்ளத்த நான் விட்டுக் குடுக்க மாட்டேன். 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையும் கன்னியாகுமரி பக்கமும் திருவிதாங்கூர் கொச்சியிலதான் இருந்துச்சு, எங்களுக்கு தண்ணி வெள்ளம்தான். ஆனா வெள்ளம்னு சொன்னா கொதிக்க வைக்கணுமா மூடி வைக்கணுமான்னு அதுல இல்லதான். ஒத்துக்கிடுதேன்.

- செங்கோட்டை

---

ஊறுநீர் கேக்க நல்லாத்தான் இருக்கு. அம்மைகிட்ட சொல்லிப் பாத்தேன். "உப்பு எவ்வளவு?"ன்னு கேட்டா. ஊறுகாய்த் தண்ணின்னு நெனச்சுட்டா. இன்னொண்ணு, ஊறதுன்னா மெதுவா, பச்சத்தண்ணியில, ராத்திரி முழுக்க. புனலூர் அக்கா சொன்ன ஹிமத்துக்கு அது கச்சிதம், அங்க வச்சுக்கிடுவோம்.

நான் இப்ப வேற எடத்துல இருந்து எடுக்கேன். ஃபில்டர் காப்பி போடுத வீட்டுல "டிகாஷன் எறங்கிட்டா"ன்னுதான் கேப்பாங்க. உண்மையில அதுவும் டிகாக்‌ஷன் இல்ல, பொடி மேல சுடுதண்ணி ஊத்தி மூடி வைக்கதுதான், தப்பான பேரு, ஆனா கூட வந்த வினைச்சொல்லு சரியானது. டீக்கடையிலயும் சாயம் எறங்கணும்பாங்க. நம்ம பக்கம் பனையில அக்கானி, அதாவது பதநீர், எறக்குவாங்க. அதனால "இறக்குநீர்". மிளகுப்புதினா இறக்குநீர். வினையும் கூடவே வருது: மூடி வைத்து ஏழு நிமிடம் இறங்க விடவும்.

- களியக்காவிளை

---

அண்ணாச்சி, எறக்குன்னா இங்க அடுத்த நினைப்பு கள்ளு. பாலம் தாண்டினா ஷாப்பு.

- தக்கலை

---

இறக்குமதிநீர்னு படிச்சேன் ஒரு நிமிஷம். ஆனாலும் ஊறுநீர விட இது பரவாயில்ல. அடுப்புல இருந்து இறக்கின பிறகு நடக்கிற வேலைங்கிற அர்த்தமும் உள்ளுக்குள்ள இருக்கு, கொதிக்க விடாதேன்னு சொல்லாம சொல்லுது. பட்டியல்ல இறக்குநீர் முதல்ல, ஊறுநீர் பச்சத்தண்ணி வகைக்கு, கஷாயம் வத்த வைக்கிறதுக்கு மட்டும். எதிர்ப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க.

- சென்னை

---

எதிர்ப்பு இல்ல. வைத்தியசாலைக்கு உள்ள நான் ஃபாண்டம்னுதான் சொல்லுவேன், வீட்டுல இறக்குநீர்.

- புனலூர்

---

இன்னைக்கு காலையில இலைய பறிச்சு அடுக்களையில வச்சுட்டு, "எறக்குநீர் போடும்மா"ன்னு மட்டும் சொல்லிட்டு குளிக்கப் போனேன், வேற ஒண்ணும் சொல்லல. வந்து பாத்தா அடுப்பு அணைஞ்சு கெடக்கு, சொம்பு மேல தட்டு, தட்டு மேல ஒரு சின்ன அம்மிக்குழவி. "ஆவி போகப்பிடாதுல்லா"ங்கா.

குழவிய பட்டியல்ல சேக்க வேண்டாம்.

- களியக்காவிளை