மலை இறங்கும்போது 6 சதவீதம்தான் சார்ஜ் ஏறுகிறது, ரீஜெனில் கோளாறா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. என் மின்சாரக் காரின் பேட்டரி 40 யூனிட். ஆட்களோடு சேர்த்து எடை சுமார் 1,600 கிலோ. 20 கிலோமீட்டரில் 1,000 மீட்டர் உயரம் ஏறும் மலைப்பாதையில் 16 சதவீதம் சார்ஜ் செலவானது. அதே வழியில் இறங்கியபோது 6 சதவீதம்தான் ஏறியது. வேகம் 50 கிலோமீட்டரை ஒட்டியே இருந்தது, ஏசி போடவில்லை, ரீஜென் (வேகத்தைக் கட்டுப்படுத்தும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்துப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி) முழு அளவில் இருந்தது. பாதிகூடத் திரும்பவில்லையே, மோட்டாரைக் காட்ட வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், உங்கள் கார் நன்றாகத்தான் இருக்கிறது. 1,600 கிலோவை 1,000 மீட்டர் தூக்க ஏறத்தாழ 4.4 யூனிட் தேவை. டயரின் உருளல் தடையும் காற்றும் அந்த 20 கிலோமீட்டருக்குச் சுமார் 1.3 யூனிட் கேட்கும். பேட்டரியிலிருந்து சக்கரத்துக்கு வரும் வழியில் வெப்பமாகப் போவதையும் சேர்த்தால் 6.5 யூனிட். உங்கள் 16 சதவீதம் என்பது 6.4.

இறங்கும்போது அதே 4.4 யூனிட்டை மலை திருப்பிக் கொடுக்கிறது. ஆனால் டயரும் காற்றும் தங்கள் 1.3-ஐ முதலிலேயே எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3.1. அது கியர், மோட்டார், இன்வெர்ட்டர் எல்லாம் தாண்டிப் பேட்டரிக்குள் போவதற்குள் ஐந்தில் ஒரு பங்கு கரைந்தால் நிற்பது 2.5 யூனிட். அதுதான் உங்கள் 6 சதவீதம்.

ஏறியதையும் இறங்கியதையும் ஒப்பிடுவதால்தான் இது மோசமாகத் தெரிகிறது. டயருக்கும் காற்றுக்கும் போனது சமதளத்திலும் போயிருக்கும். இதே வேகத்தில் சமதளத்தில் 40 கிலோமீட்டர் ஓட்டினால் சுமார் 3 யூனிட் ஆகும், உங்களுக்கு 4 ஆனது. அவ்வளவு பெரிய மலைக்குக் கூடுதல் செலவு ஒரே ஒரு யூனிட்! பெட்ரோல் காரில் அந்த 3.1 முழுவதும் பிரேக்கிலும் என்ஜினிலும் சூடாகவே போய்விடும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் இறங்க ஆரம்பித்தபோது சார்ஜ் எவ்வளவு இருந்தது? பேட்டரி நிறைந்திருந்தாலோ ரொம்பக் குளிர்ந்திருந்தாலோ கார் தானாகவே ரீஜெனைக் குறைத்துவிடும். மலை மேலே சார்ஜ் போடுகிறவர்கள் 100 வரை ஏற்றாமல் கொஞ்சம் இடம் விட்டு இறங்குவது நல்லது. பிரேக்குக்கும் அதுதான் பாதுகாப்பு.

கேள்வி கேட்டவர்:
70 சதவீதத்தில் ஆரம்பித்தேன். அப்புறம் ஒரு சந்தேகம். ரீஜெனைக் குறைத்துவிட்டு வண்டியைச் சும்மா உருள விட்டால் லாபமா?

பதில் 1:
சமதளத்திலும் லேசான சரிவிலும் லாபம்தான், ஆற்றலை மின்சாரமாக மாற்றித் திரும்ப எடுக்கும் இழப்பு மிச்சம். உங்கள் பாதை சராசரியாக 5 சதவீதச் சரிவு. அங்கே உருள விட்டால் வேகம் ஏறும், காற்றின் தடை வேகத்தின் வர்க்கமாகக் கூடும், கடைசியில் வளைவில் பிரேக்கை மிதிப்பீர்கள். ரீஜென் இருக்கட்டும். 50 கிலோமீட்டர் வேகத்தில் டயரும் காற்றும் எடுத்தது போக அந்தச் சரிவு தருவது சுமார் 8 கிலோவாட், மோட்டாருக்கு அது சாதாரணம்.

அடுத்த முறை இதே எடை, இதே வேகத்தில் இறங்கும்போது ஏறும் சார்ஜ் 4 சதவீதத்துக்குக் கீழே வந்தால் மட்டும் டயர் காற்றையும் பிரேக்கையும் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அதிகமாகச் சுட்டால் பிரேக் பேட் உரசுகிறது என்று அர்த்தம்.