மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் எஞ்சின் திணறுகிறது, பிளக் இரண்டும் நனைகிறது – காரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

குளச்சல் வள்ளம்:
வணக்கம் அண்ணன்மாரே. எங்கள் ஃபைபர் வள்ளத்தின் பின்னால் மாட்டி ஓடுவது யமஹா எண்டுரோ 15, மண்ணெண்ணெய் மாடல், 2 ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர். பெட்ரோலில் கயிறு இழுத்தால் உடனே பிடித்துக்கொள்கிறது, சத்தமும் சீராக இருக்கிறது. மண்ணெண்ணெய்க்குத் திருப்பிக் கொஞ்ச நேரத்தில் விக்கி விக்கி ஓட ஆரம்பிக்கிறது. முழு வேகத்தில் ஒருமாதிரி சமாளிக்கும். வலை விடும்போது வேகத்தைக் குறைத்தால் போதும், புகையாகத் தள்ளிக்கொண்டு நின்றுவிடுகிறது. தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் இரண்டுமே கருப்பாக, ஈரமாக, பச்சை மண்ணெண்ணெய் வாடையோடு வருகின்றன. துடைத்துப் போட்டால் கொஞ்ச தூரம் ஓடும், அப்புறம் அதே கதை.

பிளக் புதிது. கார்புரேட்டர் கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று, ஃபில்டர் மாற்றியாயிற்று. எரிபொருளில் ஆயில் 50-க்கு 1 கணக்கில்தான் கலக்கிறோம். கரையில் ஒருவர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் போய்விட்டது என்கிறார், இன்னொருவர் மண்ணெண்ணெயில்தான் கலப்படம் என்கிறார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இந்த எஞ்சினை நம்பி அவரைக் கடலுக்கு அனுப்பப் பயமாக இருக்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

தூத்துக்குடி ஃபைபர்:
தம்பி, முதலில் பெட்ரோல் டாங்கைப் பாருங்கள். இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுக்கும். ஸ்டார்ட் பண்ண மட்டும் வைத்திருக்கும் சின்ன டாங்க், மூடியில் காற்றுத் திருகு திறந்தபடி, உப்புக் காற்றில் வாரக்கணக்கில் கிடக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாக இறங்கிவிடும், ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். எஞ்சின் உறிஞ்சுவது அடியிலிருந்து, அதாவது ஆயில் இல்லாத எரிபொருளை. கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பிடித்து அசையாமல் வைத்துப் பாருங்கள், அடியில் தனி அடுக்கோ கலங்கலோ தெரிந்தால் அதை ஊற்றவே கூடாது.

மன்னார் கரை:
தம்பி, எங்கட பக்கமும் இதே மாதிரி எஞ்சின்கள்தான். ஒரு நம்பர் சூடான பிளக், அதாவது முனை கூடுதல் சூட்டில் நிற்கும் பிளக், போட்டுப் பார்த்தீர்களா? என்ஜிகே கம்பெனி பிளக்கில் நம்பர் குறையக் குறையச் சூடு கூடும். 2022 ஓகஸ்ட்டில் இங்கே இலங்கையில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே அடியாக 340 ரூபாய்க்கு ஏறினபோது ஒவ்வொரு சொட்டும் எங்களுக்குக் கணக்குத்தான். நனைந்த பிளக் என்றால் எரியாத எண்ணெய் வெளியே போகுது, காசு கடலில் கரையுது என்று அர்த்தம். இதைச் சும்மா விடாதீர்கள்.

நாகர்கோவில் அவுட்போர்டு:
இரண்டு பேர் சொன்னதும் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் இந்தக் கோளாறு வேறு இடத்தில் இருப்பதாக எனக்குப் படுகிறது. பெட்ரோலில் நன்றாக ஓடுகிறது, அதனால் காயில் மேல் சந்தேகம் வேண்டாம். காயில் போயிருந்தால் பெட்ரோலிலும் எஞ்சின் படுக்கும். உங்களுக்கு இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி நனைகிறது, அதுவும் வேகம் குறையும்போது. அதனால் இரண்டு சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத்தான் தேட வேண்டும்.

ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். எஞ்சின் சூடேறுகிறது என்று சமீபத்தில் எந்தப் பட்டறையிலாவது கொடுத்தீர்களா? மண்ணெண்ணெயில் கொஞ்ச நேரம் ஓடிய பிறகு சிலிண்டர் ஹெட் மேல் கை வைத்துப் பாருங்கள், சுழலும் வீலிலிருந்து கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. எவ்வளவு சூடு இருக்கிறது?

குளச்சல் வள்ளம்:
அண்ணே, கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. கோடையில் தண்ணீர் சரியாகப் பீச்சாமல் சூடேறியது, ஒரு பட்டறையில் கொடுத்தோம். தண்ணீர் பம்புக்குள் சுழலும் இம்பெல்லரை மாற்றினார்கள். "உள்ளே ஒரு அடைப்பு இருந்தது, எடுத்துவிட்டேன், இனி சூடே ஆகாது" என்று சொல்லித்தான் தந்தார்கள். அதற்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. இன்று ஹெட்டில் கை வைத்தேன், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், லேசாகத்தான் சுடுகிறது.

நாகர்கோவில் அவுட்போர்டு:
அங்கேதான் விஷயம். அவர்கள் எடுத்துப் போட்டது தெர்மோஸ்டாட்டாகத்தான் இருக்கும், எஞ்சின் சூடாகும்வரை குளிர்விக்கும் தண்ணீர் ஓட்டத்தைத் தடுத்து வைக்கும் வால்வு அது. உப்புப் படிந்து அது மூடியபடி இறுகிவிட்டால் எஞ்சின் சூடேறும், உண்மைதான். அதற்கு உப்பைக் கரைக்க வேண்டும், இல்லை புதிது போட வேண்டும். எடுத்து எறிந்துவிட்டால் கடல் தண்ணீர் தடையில்லாமல் பாய்ந்து எஞ்சினைக் குளிர வைத்துக்கொண்டே இருக்கும். பெட்ரோல் எஞ்சினில் அது பெரிதாகத் தெரியாது. மண்ணெண்ணெய் எஞ்சினுக்கு அது பெரிய கேடு.

பெட்ரோல் எவ்வளவு குளிரிலும் ஆவியாகும், பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரியில்கூடத் தீப்பொறி பட்டால் பற்றும். மண்ணெண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடவே ஏறக்குறைய 38 டிகிரி வேண்டும், முழுதாகக் கொதித்து ஆவியாக 150-க்கு மேல் போக வேண்டும். பம்ப் ஸ்டவ்வை முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்காமல் பம்ப் அடித்தால் எண்ணெய் சொட்டுச் சொட்டாக வந்து மஞ்சளாகப் புகைவிட்டு எரியுமே, உங்கள் சிலிண்டருக்குள் நடப்பதும் அதுதான். பெட்ரோலில் ஸ்டார்ட் பண்ணிச் சூடானபின் மாற்றச் சொல்வதும் இதற்காகத்தான். முழு வேகத்தில் எஞ்சின் தன் சூட்டிலேயே சமாளிக்கும். வலை விடும் வேகத்தில் சூடு போதாது, எண்ணெய் திரவமாகவே பிளக்கில் போய் ஒட்டுகிறது.

நனைந்த பிளக் வெளியே தெரிகிற அடையாளம்தான். என் கவலை உள்ளே நடப்பது பற்றி. ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸில் தேங்கி பேரிங்கையும் நனைக்கும். ரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் மெல்ல மெல்லத் தேயும். மன்னார் அண்ணன் சொன்ன சூடான பிளக் போட்டால் விக்கல் ஓரளவு குறையலாம், இந்தத் தேய்மானம் குறையாது, முழு வேகத்தில் பிளக் முனை அளவுக்கு மீறிச் சூடாகவும் கூடும். அதனால் பிளக்கைத் தொடாதீர்கள். ஆயிலைக் கூட்டிக் கலக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னாலும் கேட்காதீர்கள், இன்னும் நனையும்.

மண்ணெண்ணெய் மாடலுக்கு உரிய தெர்மோஸ்டாட்டையே கேட்டு வாங்குங்கள், எஞ்சின் நம்பரைச் சொல்லி. கூடவே கேஸ்கெட்டும். போடுவதற்கு முன் ஒரு பாத்திரத் தண்ணீரில் நூலில் கட்டித் தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். தண்ணீர் சூடேறும்போது கண்ணெதிரே திறக்க வேண்டும், ஆறும்போது மூட வேண்டும்.

குளச்சல் வள்ளம்:
அண்ணே, நீங்கள் சொன்னபடியே. மூடியைத் திறந்தால் உள்ளே வெறும் குழிதான் இருந்தது, தெர்மோஸ்டாட்டே இல்லை. புதிதைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துத்தான் மாட்டினேன். இன்று அப்பாவோடு போய் வந்தேன். ஹெட்டில் இப்போது கை வைத்து நிற்க முடியவில்லை, வேகத்தைக் குறைத்தும் எஞ்சின் நின்றுபோகவில்லை, பிளக் காய்ந்து காப்பி நிறத்தில் இருக்கிறது. ஆனால் மூடியைக் கழற்றும்போது ஒரு போல்ட் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போய் பாதியில் முறிந்துவிட்டது. தற்போதைக்கு மற்ற போல்ட்டுகளை நம்பி ஓட்டினேன், ஓரத்தில் லேசாகத் தண்ணீர் கசிகிறது.

தூத்துக்குடி ஃபைபர்:
மகிழ்ச்சி தம்பி. அந்தப் பெட்ரோலையும் ஒரு தடவை பாட்டிலில் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

மன்னார் கரை:
நல்லது தம்பி. பிளக் விஷயத்தில் நாகர்கோவில் அண்ணன் சொன்னதுதான் சரி, எங்கட கரையிலும் சிலர் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டுத்தான் ஓடுகிறார்கள், நான் போய்ச் சொல்கிறேன். அண்ணன், மெல்ல ஓடி நீண்ட நேரம் வலை விடும்போது பெட்ரோலுக்கு மாற்றுவது நல்லதா?

நாகர்கோவில் அவுட்போர்டு:
நல்லதுதான். ரொம்ப நேரம் மெல்ல ஓட வேண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். கரைக்கு வரும்போதும் எஞ்சினை நிறுத்துவதற்கு முன் பெட்ரோலுக்குத் திருப்பிச் சில நிமிடம் ஓட்டுங்கள், கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் மிச்சம் இருந்தால் மறுநாள் காலையில் கயிறு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடும்.

குளச்சல் தம்பிக்கு: முறிந்த போல்ட்டோடு கடலுக்குப் போகாதீர்கள். அலுமினியத்தில் இரும்பு போல்ட் உப்பில் இறுகினால் இப்படித்தான் பூக்கும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடுங்கள், பெட்ரோல், மண்ணெண்ணெய் டாங்குகளைத் தூரத் தள்ளி வைத்துவிட்டுச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்கி, மிச்சத்தைப் பிடித்து முன்னும் பின்னுமாகச் சின்னச் சின்னதாக அசையுங்கள். ஒரே பக்கம் பலமாகத் திருகினால் உள்ளேயே முறியும், அப்புறம் லேத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். புதிதாகப் போடுவது ஸ்டெயின்லெஸ் போல்ட்டாக இருக்கட்டும், மரையில் மெரைன் கிரீஸ் தடவுங்கள். ஒவ்வொரு முறை கரை ஏறியதும் நல்ல தண்ணீரில் எஞ்சினை ஓடவிட்டு உப்பை வெளியேற்றுங்கள். அந்தப் பழைய அடைப்பே அது செய்யாததால் வந்ததுதான்.

குளச்சல் வள்ளம்:
சரி அண்ணே, போல்ட்டை இன்று ராத்திரியே ஊற வைக்கிறேன். அது வரும்வரை வள்ளம் கரையில்தான்.