குரூப் 4 தேர்வுக்குப் படிப்பவர் எந்தப் பழக்கத்தை முதலில் விட வேண்டும்?

கேள்வி:
என் தங்கை பட்டப்படிப்பை முடித்துவிட்டு டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்து வருகிறாள். உழைப்பில் குறை சொல்ல முடியாது. விடியற்காலையில் உட்கார்ந்தால் இரவுவரை புத்தகமும் கையுமாகத்தான் இருக்கிறாள். ஆனால் டெலிகிராம் குழுக்களில் வரும் பிடிஎஃப்களையெல்லாம் இறக்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறாள். சமச்சீர்ப் புத்தகத்தில் மஞ்சள் மார்க்கர் படாத வரியே இல்லை. மாதிரித் தேர்வு எழுதச் சொன்னால், "சிலபஸ் முடியட்டும்" என்கிறாள். சென்ற தேர்வில் கட் ஆஃபை நெருங்கக்கூட இல்லை. இவற்றில் எதை முதலில் விடச் சொல்வது? எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றச் சொன்னால் மனம் தளர்ந்துவிடுவாளோ என்று தயங்குகிறேன்.

பதில் 1:
"சிலபஸ் முடியட்டும்" என்பதைத்தான் முதலில் விட வேண்டும். மற்றவை நேரத்தை வீணாக்குகின்றன. இதுவோ தனக்கு என்ன தெரியாது என்பதையே அவரிடமிருந்து மறைத்துவிடுகிறது. ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும்போது அது பழகிப்போய்விடுகிறது, அந்தப் பரிச்சயத்தையே நினைவில் நின்றதாக நாம் எடுத்துக்கொள்கிறோம். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே கூடுதலாக நினைவில் வைத்திருந்தார்கள். பாரதிதாசன் பாடத்தைப் படித்தவுடன் புத்தகத்தை மூடிவிட்டு, அவருடைய இயற்பெயர், பிறந்த ஊர், சாகித்திய அகாதெமி விருது பெற்ற நாடகம் ஆகியவற்றை வெறுந்தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். எழுத வராத இடத்தில் மட்டும் மார்க்கர் படட்டும். பழைய வினாத்தாள்கள் தேர்வாணையத்தின் இணையதளத்திலேயே கிடைக்கின்றன. முடித்த பாடங்களுக்குரிய வினாக்களை மட்டும் அவற்றிலிருந்து இன்றே எடுத்து எழுதலாம்.

பதில் 2:
மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனாலும் பிடிஎஃப் சேர்ப்பதை அவ்வளவு லேசாக ஒதுக்கிவிட முடியாது. அது பெரும்பாலும் கடினமான ஒன்றிலிருந்து நழுவும் வழியாகவே இருக்கிறது: 'காலமும் வேலையும்' கணக்கில் இரண்டாவது வரியில் சிக்கியதும் கை தானாகப் போனுக்குப் போகும், அங்கே ஒரு பிடிஎஃப்பை இறக்கியதும் ஏதோ படித்துவிட்ட நிறைவு வந்துவிடும். இத்தகைய கணக்குகள் வரும் திறனறிப் பகுதியில் 25 வினாக்கள், வினாவுக்கு ஒன்றரை வீதம் 37.5 மதிப்பெண்கள் இருக்கின்றன. உங்கள் தங்கை கணக்கைத் தள்ளிப்போடுகிறாரா என்று கவனியுங்கள். கணக்குப் போடும் நேரத்தில் மட்டுமாவது போன் வேறு அறையில் இருக்கட்டும். நடப்பு நிகழ்வுகளுக்கு ஒரு நாளிதழும் ஒரு மாதத் தொகுப்பும் போதும்.

பதில் 3:
எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றச் சொல்லாதீர்கள். இருபத்தொரு நாளில் பழக்கம் மாறிவிடும் என்று எல்லோரும் சொல்வதையும் நம்ப வேண்டாம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினரின் ஆய்வில், ஒரு செயல் தன்னியல்பாக மாற நடுத்தரமாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதையும் அதே ஆய்வு கண்டது. ஆகவே நேரத்தைச் சொல்வதற்குப் பதிலாக, தினமும் தவறாமல் நடக்கும் ஒன்றோடு புதிய வழக்கத்தைக் கோத்துவிடுங்கள். காலைக் காபி குடித்ததும் பத்து வினாக்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. முழு மாதிரித் தேர்வை எப்போது தொடங்கலாம்?

பதில் 1:
தமிழ்ப் பகுதியின் 100 வினாக்களை இந்த வாரமே தனியாக எழுதட்டும். அதில் 150க்கு 60 மதிப்பெண் எடுக்காவிட்டால் பொது அறிவுப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். அந்த எல்லையைத் தாண்டிய பிறகு, மூன்று மணி நேரத்தில் 200 வினாக்களுக்கும் ஓஎம்ஆர் தாளில் (விடைக்குரிய வட்டத்தைக் கருமையாக்கும் விடைத்தாள்) விடைகளை நிரப்பிப் பழகலாம்.