அடகு நகையை மறுபடி மதிப்புப் போட்டபோது: உங்களுக்கு நடந்தது என்ன?

இலங்கையின் கிழக்கு ஊர்களிலிருந்து வந்த பதில்கள், ஊர்ப் பெயருடன்:

செங்கலடி
பெரும்போகத்துக்கு விதைக்கிற காலம் வந்தால் எங்கள் பக்கம் பாதி வீட்டு நகை அடகுக்குப் போய்விடும். அறுப்பு முடிந்து நெல் விற்ற பிறகுதான் திரும்பி வரும். எங்கள் வீட்டு அட்டியலும் அப்படிப் போய் வருகிற ஒன்று. தங்க விலை ஏறி இறங்குவது வேறு கதை. ஒரே நாளில், ஒரே விலைக்கு, டவுனில் இரண்டு இடத்தில் அதே அட்டியலுக்கு இரண்டு கணக்குச் சொன்னார்கள்.

மொத்த நிறை 24.3 கிராம். அதில் இரண்டு இடமும் ஒத்துப்போனது. முதல் இடத்தில் கல்லுக்கும் உள்ளே நிரப்பிய அரக்குக்கும் என்று 4.6 கழித்து 19.7 என எழுதினார்கள். ஏன் இவ்வளவு கழிவு என்று கேட்டேன். “கல் நகை அக்கா, உள்ளே என்ன இருக்கு எண்டு தெரியாது, கண்மட்டம்தான்” என்றார் அந்தத் தம்பி. நகையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் இருந்தவர் வயதானவர். லென்ஸைக் கண்ணில் வைத்து, பின்பக்கத்தைத் திருப்பிக் கல்லை ஒவ்வொன்றாக எண்ணினார். 3.1 கழித்து 21.2 என்றார். ஒன்றரைக் கிராம் வித்தியாசம். பவுணுக்கு 8 கிராம் என்றால், கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பவுண் காற்றோடு போயிருக்கும்.

யாரும் ஏமாற்றினார்கள் என்று சொல்லவில்லை. தெரியாத இடத்தில் அவர்கள் தங்கள் பக்கம் பாதுகாப்பாகக் கழிக்கிறார்கள். ஆனால் அடகுத் துண்டில் மொத்த நிறை, கழிவு, நிகர நிறை மூன்றும் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.

சம்மாந்துறை
எங்கள் ராத்தா சவூதியில் வேலை செய்து கொண்டு வந்த காப்பு, சரியாக 16 கிராம். கல்லும் இல்லை, அரக்கும் இல்லை. ஊரில் எல்லாரும் இரண்டு பவுண் என்றே பேசினார்கள், சரிதான். ஆனால் அடகு வைக்கப் போனபோது நினைத்ததை விடக் குறைவாகச் சொன்னார்கள். வாப்பாவுக்குக் கோபம். காப்பின் உள்பக்கம் 875 என்ற முத்திரையைக் காட்டிய பிறகுதான் அடங்கினார். அது 21 கரட், ஆயிரத்தில் 875 பங்கு தங்கம். இங்கே 22 கரட்டுக்கு 916. 16 கிராமில் சுத்தத் தங்கம் 14 கிராம்தான். 22 கரட் என்றால் 14.67 வரும். வளைகுடா நாடுகளில் 21 கரட் நகை அதிகம், ஆகவே அங்கிருந்து வந்த நகை வைத்திருப்பவர்கள் முதலில் முத்திரையைப் பாருங்கள்.

திருக்கோவில்
எனக்கு மறுமதிப்பு நல்லதாகவும் வந்தது, கெட்டதாகவும் வந்தது. 2022 மார்ச்சில் ரூபாய் விழுந்தது. டொலர் 200 சொச்சத்திலிருந்து மே மாதமளவில் 360ஐத் தாண்டியது. தங்கமும் கூடவே ஏறியது. ஏற்கனவே அடகில் கிடந்த சங்கிலியைத் திரும்ப மதிப்புப் போட்டு, பழைய கடனைக் கழித்துக்கொண்டு மேலதிகக் காசு தந்தார்கள். சும்மா கிடைத்த காசு மாதிரி இருந்தது. ஆனால் அந்த ஏப்ரலில் மத்திய வங்கி, மற்ற வட்டிக்கெல்லாம் அடிப்படையான கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளி கூட்டியதை நான் கவனிக்கவில்லை. புதுத் துண்டில் புது வட்டி. மீட்கப் போனபோது மனைவி ஒன்றும் சொல்லவில்லை, என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

களுவாஞ்சிகுடி
நகைப் பட்டறையில் இருப்பவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டுப் பார்ப்பது மேல்தோலைத்தான் சொல்லும். இப்போது வந்திருக்கும் எக்ஸ்ரே மெஷினும் மேற்பரப்பைத்தான் படிக்கிறது. தடிப்பாக முலாம் போட்டிருந்தால் இரண்டும் ஏமாறும். அதனால்தான் சந்தேகம் வந்தால் ஒரு ஓரத்தை அரத்தால் கீறிப் பார்ப்போம். அதைக் கண்டு கோபப்படாதீர்கள். பழைய சங்கிலிகளில் இன்னொன்று: வளையம் வளையமாகப் பற்றவைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் அதிகம். உரைகல்லில் 22 என்று காட்டியது உருக்கினால் குறைந்து நிற்கும். விற்கும்போது சண்டை வருவது பெரும்பாலும் இதில்தான்.

செங்கலடி அக்கா சொன்ன கல் கணக்கு சரி. செய்த பட்டறையின் பழைய பில் இருந்தால் கல்லின் நிறை அதில் எழுதியிருக்கும். கொண்டு போங்கள், பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள்.

ஏறாவூர்
உம்மாவின் காப்பு, உள்ளுக்குள் முழுக்க அரக்கு. பில் இல்லை. உருக்காமல் நிகர நிறை எடுக்க வழி இருக்கிறதா? தண்ணீரில் நிறுத்துப் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார்.

களுவாஞ்சிகுடி
தண்ணீர்க் கணக்கு கட்டித் தங்கத்துக்குச் சரிவரும். அரக்கு நிரப்பிய நகைக்கு வராது தம்பி, அரக்கு எவ்வளவு, தங்கம் என்ன தரம் இரண்டுமே தெரியாதே. சூடு காட்டி அரக்கை எடுத்துவிட்டு வெறும் தங்க ஓடாக நிறுக்கலாம். திரும்ப நிரப்பக் கூலி கேட்பார்கள், பழைய ஓடு நெளியவும் கூடும். விற்கப் போவதென்றால் செய்யுங்கள். அடகுக்கு மட்டும் என்றால் வேண்டாம், இரண்டு மூன்று இடத்தில் கேட்டுப் பார்ப்பதே போதும்.