டிக்கிக் கதவு நிற்க மாட்டேன் என்கிறதா? பனி விழுவதற்குள் ஸ்ட்ரட்டை மாற்றிவிடுங்கள்

கேள்வி, பிராம்ப்டனிலிருந்து:

அண்ணன்மார், அக்காமார் எல்லோருக்கும் வணக்கம். கனடா வந்து ஏழு மாதம் ஆகிறது. 2010 ஃபோர்ட் எஸ்கேப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். ஓட்டத்தில் குறையில்லை. டிக்கிக் கதவுதான் தொல்லை. தூக்கினால் மேலே போகிறது, கையை எடுத்தால் மெதுவாக இறங்கித் தலையில் உட்காருகிறது. போன வாரம் அரிசி மூட்டையை எடுக்கும்போது மனைவியின் தோளில் விழுந்துவிட்டது. ஒரு கடையில் கேட்டதற்கு வரியோடு 270 டாலர் என்றார்கள். நியாயமான விலையா? நானே செய்யலாமா? ஊரில் நான் டயர்கூட மாற்றியதில்லை.

பதில், ஸ்கார்பரோவிலிருந்து:

செய்யலாம் தம்பி. டயர் மாற்றுவதைவிட இது எளிது. 270 டாலரை அநியாயம் என்று சொல்ல மாட்டேன். இங்கே மெக்கானிக் கூலி மணிக்கு நூறு டாலரைத் தாண்டிப் பல காலம் ஆயிற்று, கடைக்காரரும் வாடகை கட்ட வேண்டும். ஆனால் இருபது நிமிட வேலைக்கு அந்தப் பணம் வேண்டாம். நான் கடைசியாக மாற்றியபோது ஒரு ஜோடி ஸ்ட்ரட் 58 டாலருக்குக் கிடைத்தது.

முதலில் ஸ்ட்ரட் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள். கதவின் இரு பக்கமும் கறுப்பாக இருக்கும் குழாய்க்குள் நைட்ரஜன் வாயுவை நல்ல அழுத்தத்தில் அடைத்திருக்கிறார்கள். கொஞ்சம் எண்ணெயும் உண்டு. அந்த வாயு, குழாய்க்குள் இருக்கும் மெல்லிய தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் கதவு நிற்கிறது. வருடங்கள் போகப் போக, வாயு வெளியேறாமல் தண்டைச் சுற்றி அடைத்திருக்கும் சீல் தேய்ந்து வாயு கசியும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் போய்விட்டது என்று அர்த்தம். இதற்குள் திரும்ப வாயு நிரப்ப வழியில்லை. மேலே எண்ணெய் அடித்துப் பார்ப்பதும் வீண்.

ஏன் இப்போதே மாற்றச் சொல்கிறேன் என்றால், குளிரில் வாயுவின் அழுத்தம் குறையும். 20 டிகிரியில் இருந்த பலத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மைனஸ் 20-இல் குறைந்துவிடும். செப்டம்பரில் தள்ளாடிக்கொண்டு நிற்கிற கதவு ஜனவரியில் நிற்கவே நிற்காது. என் முதல் குளிர்காலத்தில் ஒரு கடையின் பார்க்கிங்கில், கை உறைந்துபோய் இரண்டு கையிலும் பையோடு நிற்கும்போது, பிடரியில் ஒன்று வாங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஹாக்கி மட்டையை முட்டுக் கொடுத்து ஓட்டினேன். அந்த வேலையை நீங்கள் செய்யாதீர்கள். மட்டை வழுக்கினால் கதவு வேகமாக வரும், பக்கத்தில் குழந்தை நின்றால் என்ன ஆகும்?

இப்போது வாங்கும் விஷயம். தவறு நடப்பதெல்லாம் இங்கேதான்.

கடையில் போய் டிக்கி என்றால் யாருக்கும் புரியாது. லிஃப்ட்கேட் சப்போர்ட் அல்லது லிஃப்ட்கேட் ஸ்ட்ரட் என்று கேளுங்கள். ஹேட்ச் என்றாலும் புரியும். அடுத்தது, உங்கள் எஸ்கேப்பில் பின்கண்ணாடி மட்டும் தனியாகத் திறக்கும். அதற்கென்று ஒரு ஜோடி, முழுக் கதவுக்கு வேறொரு ஜோடி, மொத்தம் நான்கு. நான் என் பழைய வண்டிக்கு அவசரத்தில் கண்ணாடி ஜோடியை வரவழைத்துவிட்டு, திருப்பி அனுப்பும் செலவையும் நானே கட்டினேன். படத்தைப் பார்த்து வாங்காதீர்கள். டாஷ்போர்டில், முன்கண்ணாடியின் டிரைவர் பக்க மூலையில் தெரிகிற 17 எழுத்து விஐஎன் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைக் கொடுத்தால் கவுன்டரில் இருப்பவரே சரியானதை எடுத்துத் தருவார். கனேடியன் டயர், நாப்பா, பார்ட்சோர்ஸ் எங்கேயும் கேட்கலாம். ராக்ஆட்டோ என்ற இணையக் கடையில் விலை குறையலாம், ஆனால் அனுப்பும் கூலியையும் சேர்த்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

டிரைவர் பக்கம் என்று பெட்டியில் போட்டிருந்தால் இங்கே அது இடது பக்கம். ஊர்ப் பழக்கத்தில் வலது என்று நினைத்துவிடுவோம், நானும் நினைத்தேன். பல வண்டிகளில் இரண்டும் ஒன்றுதான், ஆனால் சிலவற்றில் இடமும் வலமும் வேறு.

பழைய குழாயின் மேல் ஒரு பாகம் எண்ணும், 500N போல ஒரு அளவும் அச்சடித்திருக்கலாம். N என்பது நியூட்டன். 500 என்றால் சுமார் 50 கிலோ எடையைத் தாங்குகிற விசை. கதவு அவ்வளவு கனம் இல்லையே என்று கேட்கலாம். குழாய் கீலுக்குப் பக்கத்தில் மாட்டியிருப்பதால்தான் அத்தனை விசை தேவைப்படுகிறது. எண் கூடினால் நல்லது என்று நினைத்துப் பலமானதை வாங்காதீர்கள். கதவை மூடவே மல்லுக்கட்ட வேண்டியிருக்கும், கீலுக்கும் கேடு.

வாங்கினால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கதவு கோணலாக இழுக்கும், மற்றதும் விரைவில் படுத்துவிடும்.

மாற்றும் நாளில் கூட ஒரு ஆள் கட்டாயம். அவருடைய ஒரே வேலை கதவை முழுக்க மேலே தூக்கிப் பிடிப்பது, கைபேசி பார்ப்பது அல்ல. துணைக்கு ஒரு நல்ல கட்டையும் முட்டுக் கொடுங்கள். காற்று அடிக்காத இடம், சமதளம். நிலத்தடி பார்க்கிங்கில் வேண்டாம். மேலே குழாய்கள் இடிக்கும், அதோடு பல கட்டடங்களில் வண்டி வேலை பார்க்கத் தடை உண்டு. பேஸ்மென்ட்டில் வாடகைக்கு இருந்தால், டிரைவ்வேயில் செய்வதற்கு வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

கழற்றும் முன் ஒரு போட்டோ. தடித்த குழாய் எந்தப் பக்கம், மெல்லிய தண்டு எந்தப் பக்கம் என்று அதில் தெரிய வேண்டும். கதவு மூடியிருக்கும்போது தண்டு கீழே பார்த்திருப்பது வழக்கம், அப்போதுதான் உள்ளே இருக்கிற எண்ணெய் சீலை நனைத்துக்கொண்டே இருக்கும். தலைகீழாக மாட்டினால் சீக்கிரம் காய்ந்து கசியும்.

பெரும்பாலான வண்டிகளில் இரு முனையும் ஒரு உருண்டை ஆணியின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும். தொப்பியைச் சுற்றி ஒரு கம்பிக் கிளிப். சின்னத் தட்டை ஸ்க்ரூடிரைவரை அதற்கடியில் நுழைத்து லேசாக நெம்புங்கள். முழுக்கக் கழற்றத் தேவையில்லை, மூன்று நான்கு மில்லிமீட்டர் விலகினாலே தொப்பி கழன்று வரும். கிளிப் பறந்துவிடலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் கீறாமல் அடியில் ஒரு துணி. சில வண்டிகளில் முனை போல்ட்டில் இருக்கும். இங்கே சாலையில் போடுகிற உப்பால் அது துருப்பிடித்திருந்தால், முந்தின நாள் இரவே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து ஊற விடுங்கள்.

ஒரு பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொட வேண்டும். புதியது நீளம் எட்டவில்லை என்று தோன்றினால் குழாயை இழுக்காதீர்கள், பிடித்திருப்பவரைக் கதவை இன்னும் கொஞ்சம் தூக்கச் சொல்லுங்கள். டக் என்று சத்தம் வரும்வரை அழுத்தி, பிறகு இழுத்துப் பாருங்கள். புதுத் தண்டைப் பிளையரால் பிடிக்கவே கூடாது. ஒரு கீறல் போதும், சீல் போய்விடும்.

மோட்டார் வைத்துத் தானாகத் திறக்கிற கதவாக இருந்தால் இது பொருந்தாது, பாகமே வேறாக இருக்கலாம்.

மெல்பர்னிலிருந்து ஒரு அக்கா:

ஒரு சின்னச் சேர்க்கை. இங்கே இதை டெயில்கேட் ஸ்ட்ரட் என்பார்கள், சூப்பர்சீப் ஆட்டோவிலும் ரெப்கோவிலும் கேட்கலாம். டிரைவர் பக்கம் நம் ஊர் மாதிரி வலதுதான், எங்களுக்கு அந்தக் குழப்பம் இல்லை. எங்கள் தொல்லை நேர்மாறு. 40 டிகிரி வெயிலில் நின்ற வண்டியில் புது ஸ்ட்ரட் கதவை வேகமாகத் தூக்கும். நான் குனிந்தபடியே திறந்து தாடையில் இடி வாங்கியிருக்கிறேன். திறக்கும்போது ஒரு அடி தள்ளி நில்லுங்கள்.

பழைய குழாயை என்ன செய்வது என்று யாரும் சொல்லவில்லையே? உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கலாம். அறுக்கவோ துளை போடவோ நெருப்பில் போடவோ கூடாது. அங்கே மறுசுழற்சிக்கு வைத்திருக்கும் நீலத் தொட்டியிலும் போடாதீர்கள்.

ஸ்கார்பரோ அண்ணன்:

சரியாகச் சொன்னீர்கள் அக்கா. தம்பி, பிராம்ப்டன் இருக்கிற பீல் வட்டாரத்தில் சமூக மறுசுழற்சி மையங்கள் உண்டு. வாயு அடைத்த குழாய் என்று முதலிலேயே சொல்லிவிட்டு, எங்கே வைக்கச் சொல்கிறார்களோ அங்கே வையுங்கள்.

பிராம்ப்டன் தம்பி, இரண்டு வாரம் கழித்து:

முடித்துவிட்டேன் அண்ணா. பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அங்கிள் கதவைப் பிடித்தார். இடது பக்கம் பத்து நிமிடம், வலது பக்கக் கிளிப் புல்லுக்குள் பறந்துவிட்டதால் கொஞ்சம் பதற்றமானேன். புதியதிலேயே கிளிப் இருக்கிறது என்று அவர்தான் காட்டினார். கழற்றிய பழையதைத் தரையில் ஊன்றி அழுத்தினேன், ஒரு கையிலேயே உள்ளே போய்விட்டது. புதியது ஒரு கையால் அழுத்தினால் அசையவே இல்லை.

இன்று காலை மைனஸ் 6. பட்டனை அழுத்தி ஒரு சாண் தூக்கினேன், மீதித் தூரம் தானாகவே போய் நின்றது. மனைவிக்கு மட்டும் இன்னும் நம்பிக்கை வரவில்லை. ஒரு கையைக் கதவுக்கடியில் கொடுத்துக்கொண்டுதான் பையை எடுக்கிறாள்.